ஹாஜியார் சொன்ன ஓம்

சென்ற மாதம் ஷாமிலா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்று எழும்பி வந்த கதிரையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். எங்கள் தொலைக்காட்சியின் ஒலிப்பதிவுப் பிரிவுக்குப் பொறுப்பு. பாலமுனை ஹாஜியாரின் வீடியோத் துண்டு மறுபடியும் போனுக்குப் போன் ஓடுகிறதாம். பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது எழுதிக் கொடுத்து நடித்ததுதானே என்று அடித்துச் சொல்கிறார்களாம். "நீங்க ஒருக்கா நடந்தத எழுதித் தாங்க காக்கா. நான் சொன்னா நம்புறாங்க இல்ல" என்றாள்.

நடிப்பில்லை. அதை நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் நான்தான். ஏனென்றால் நடந்ததில் பாதி என் ஹெட்போனுக்குள்தான் நடந்தது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்முனையில் என் மாமா ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கலியாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் மைக் கட்டினோம். காலையில் ஒரு கட்சியின் மேடை, பின்னேரம் அதை எதிர்க்கும் கட்சியின் மேடை. மைக்குக்கு முன் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பது எங்கள் கவலையில்லை, கடைசி வரிசைக்குக் கேட்கிறதா என்பதுதான் கவலை என்று மாமா சொல்லித் தந்தார். பிறகு கொழும்பில் வானொலி, அதற்குப் பிறகு தொலைக்காட்சி. செய்தி வாசிப்பவர்களின் இருமலை வெட்டிக்கொண்டே தலை நரைத்துவிட்டது. அப்போதுதான் 'பெற்றோர் சொல்லட்டும்' வந்தது.

ஊரெல்லாம் பையன்களையும் பெண்களையும் ஒரு மாளிகையில் அடைத்துக் காதலிக்க விடும் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தொலைக்காட்சிக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் எங்கள் ஆட்கள் கல்லெறிவார்கள். அதற்கு எங்கள் தயாரிப்பாளர் குலேந்திரன் சேர் கண்டுபிடித்த வழி, பெற்றோரையும் சேர்த்து அடைப்பது. ஒரு பெண், இரண்டு மாப்பிள்ளைகள், மூன்று பக்கத்துப் பெற்றோர், ஒரு விடுதி. பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைக்கக் கூடாது. கடைசி நாளில் பெண்ணின் பெற்றோர் கமெராவுக்கு முன் தங்கள் முடிவைச் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டில் மார்க்கத்துக்கு முரணாக ஒன்றுமில்லை என்று எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னார். ஒவ்வொரு வாரமும் கவனமாகப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தாராம்.

குலேந்திரன் சேர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், மெலிந்த மனிதர். அவர் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் ஏற ஏற அவருடைய மரியாதை ஏறும். நல்ல மனநிலையில் இருந்தால், "உதுமான், அந்த மைக்கைப் பார்" என்பார். எரிச்சல் என்றால் "பாருங்கோ". "உதுமான் அவர்களே, தயவுசெய்து" என்று தொடங்கினால் கமெராக்காரர்கள் சத்தமில்லாமல் பைகளை அடுக்கத் தொடங்குவார்கள். அத்துடன் குரலும் இறங்கும். அவருடைய மிகப் பெரிய கோபங்களை ஹெட்போன் போட்டிருந்த நான் மட்டும்தான் முழுதாகக் கேட்டிருக்கிறேன்.

மைக் குத்துவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இந்தக் கதை விளங்காது. பயறு அளவு மைக். அதன் வயர் உடைக்குள்ளால் போய் இடுப்பில் தீப்பெட்டி அளவு பெட்டியில் முடியும். ஆண்களுக்கு லேசு, சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் குத்திவிடலாம். அபாயாவும் தலையில் ஸ்காபும் போட்ட பெண்களுக்கு நான் கை வைக்க முடியாது. உடை அலங்காரத்துக்கு வரும் ரமணிதான் குத்துவாள். அவள் ஆலையடிவேம்புப் பெண். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்று சொல்ல, அவள் உள்ளே செய்வாள். துணி மைக்கில் உரசினால் ஹெட்போனுக்குள் யாரோ ஓலைப் பாயை இழுத்துச் செல்வது போலக் கேட்கும். அதற்காக மைக்கைப் பஞ்சில் வைத்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்டரால் ஸ்காபின் உள்மடிப்பில் ஒட்ட வேண்டும். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்ல வேண்டும். கழற்ற மாட்டார்கள். அப்போது இரண்டு வளையலுக்கு நடுவில் நூல் சுற்ற வேண்டும். வெற்றிலை போடும் வாப்பாமாருக்கு மைக்கைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் பார்த்துப் பதிவை நிறுத்த வேண்டும்.

மைக் குத்தியவர்கள் கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிடுவார்கள். முதல் தொடரில் ஒரு பெண்ணின் தாய், மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வட்டிலப்பத்தைக் கமெராவுக்கு முன் வாயாரப் புகழ்ந்துவிட்டுக் குசினிக்குப் போனார். அங்கே தன் தங்கையிடம் அதே வட்டிலப்பத்தைப் பற்றி வேறு விதமாகச் சொன்னார். பிறகு மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிச் சொன்னார். கடைசியில் சம்பந்தி அம்மாவின் நடையை நடந்து காட்டினார் போலிருக்கிறது. காலடிச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. அது பதிவானதா என்று குலேந்திரன் சேர் ஆசையோடு கேட்டார். பற்றரி இறங்கிவிட்டது சேர் என்றேன். "அப்படியா, உதுமான் அவர்களே" என்றார். நம்பவில்லை என்று விளங்கியது. ஆனால் கமெரா பார்க்காத இடத்தில் மைக் கேட்பது என் காதோடு நிற்க வேண்டும் என்பதில் நான் கடைசி வரை மாறவில்லை.

மூன்றாவது தொடருக்கு அறுகம்பேயில் ஒரு விடுதி எடுத்தார்கள். அலைச் சறுக்குக்காரர்களின் சீசன் முடியும் காலம், வாடகை குறைவு. காற்று மட்டும் குறையவில்லை. மிஞ்சியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் அரைக் காற்சட்டையோடு பலகையைத் தூக்கிக்கொண்டு விடுதி முற்றத்தால் போவான். அவன் போகும்போதெல்லாம் மூன்று பக்கத்துப் பெற்றோரும் ஒன்றாகக் கூரையைப் பார்ப்பார்கள்.

பெண் நஸ்ரின், பாலமுனை. பிரதேச செயலகத்தில் வேலை. தாய் மௌத்தாகிவிட்டார், தகப்பன் மட்டும்தான். அவர் அவ்வாக்கர் ஹாஜியார். நெல்லுக் குத்தும் மில் ஒன்றை வாலிப வயதிலிருந்து ஓட்டியவர். மில்லைக் கொடுத்துவிட்டு இப்போது வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர், வெள்ளைத் தாடி, நிமிர்ந்த நடை. மாப்பிள்ளைகளில் ஒருவன் சாய்ந்தமருது. அவன் தாய் பரீதா உம்மா நிகழ்ச்சியின் எல்லா விதிகளையும் எங்களைவிட நன்றாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார். மற்றவன் மருதமுனை, தகப்பன் முகைதீன்பாவா தறிக்கொட்டில் வைத்திருந்தார்.

முதல் நாளே ஒரு சிக்கல். மாப்பிள்ளை வீட்டார் தட்டங்களோடு பெண்ணைப் பார்க்க வருவதாக குலேந்திரன் சேர் எழுதி வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது, வீடும் பெண்ணுக்குத்தான் கொடுப்பது என்று நஸ்ரின் விளக்கினாள். சேருக்குப் புதினமாக இருந்தது. எல்லாத் தட்டங்களையும் இடம் மாற்றினார்கள். அதன்பிறகு ஹாஜியார் ஒவ்வொரு அறையாகப் போய் உட்கார்வதுதான் நிகழ்ச்சி.

அவர் உட்காரும் அழகைச் சொல்ல வேண்டும். தொகுப்பாளினி ஒரு கேள்வி கேட்பாள். ஹாஜியார் உடனே பதில் சொல்ல மாட்டார். தாடியைத் தடவுவார். கடலைப் பார்ப்பார். பக்கத்தில் மகள் தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள். பிறகு ஆறுதலாக, சம்மதமென்றால் "ஓம்" என்பார். சில வேளை, "பாப்பம்" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கும் முன்னால் அவர் எடுக்கும் நேரத்தில் ஆழமான ஏதோ நடப்பதாக எல்லோருக்கும் தோன்றியது. இப்படி ஒரு தகப்பனை எழுதினால்கூட யாரும் நம்ப மாட்டார்கள் என்று குலேந்திரன் சேர் பூரித்துப் போனார். கமெராக்காரர் ஒருவர் தன் மகளின் படிப்பைப் பற்றி அவரிடம் தனியாக ஆலோசனை கேட்டார். "பாப்பம்" என்று பதில் கிடைத்ததாம். அதில் பெரிய அர்த்தம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

எனக்கு அர்த்தத்தில் அக்கறை இல்லை. என் பிரச்சினை உரசல். ஹாஜியார் வாயைத் திறப்பதற்குச் சற்று முன் ஒவ்வொரு முறையும் நஸ்ரினின் மைக்கில் பாய் இழுக்கும் சத்தம். ரமணி பஞ்சை மாற்றினாள், பிளாஸ்டரை மாற்றினாள், போகவில்லை. ஹெட்போனோடு கண்ணையும் வைத்துப் பார்த்தேன். கேள்வி முடிந்ததும் அந்தப் பிள்ளை ஸ்காபைச் சரி செய்கிறாள். இனி ஸ்காபில் கை வைக்க வேண்டாம் மகள் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டேன். அவள் என்னை ஏதோ பெரிய அநியாயம் செய்பவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சரி என்றாள்.

அடுத்த பதிவு தொடங்கியது. நஸ்ரின் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். ஒலி கண்ணாடி போல இருந்தது. தொகுப்பாளினி, "ஹாஜியார், உங்களுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் வேணும்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். ஹாஜியார் தாடியைத் தடவினார். மகளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். மறுபடியும் மகளைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனை கிடைத்தாலும் சம்மதம் என்று தொகுப்பாளினி விளக்கம் சொன்னாள். எனக்கு மட்டும் தலைக்குள் ஏதோ பொருந்தியது. முதல் நாள் அவருக்குப் பின்னால் விடுதிப் பையன் ஒரு தட்டு நிறையக் கண்ணாடிக் குவளைகளைப் போட்டு உடைத்தான். நாங்கள் எல்லோரும் துள்ளினோம். ஹாஜியார் திரும்பியும் பார்க்கவில்லை. அதையும் பொறுமை என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்று பின்னேரம் நஸ்ரின் தானே ரமணியைக் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "சாச்சா, உங்களுக்கு விளங்கிட்டு என்ன?" என்றாள். ஓம் என்றேன். வலது கையால் ஸ்காபைத் தொட்டால் ஓம், இடது கையால் தொட்டால் பாப்பம். மில் இயந்திரம் வாப்பாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் காலத்து ஆட்கள் வாய்க்குள்ளே கதைக்கிறார்கள் என்பதுதான் அவர் கட்சி. அவள் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி, கூவுகிறது என்று அலுமாரிக்குள் கிடக்கிறதாம்.

அப்படியானால் ஏன் மகள் இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அவள் சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் பலருக்குச் சொல்வதுண்டு. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தரகர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வாப்பா அவர்களை மரியாதையாக உட்கார வைத்து, சொல்வதற்கெல்லாம் ஓம் சொல்லி அனுப்பிவிடுகிறார். இரண்டு முறை பேசி முடிவான சம்பந்தத்தைப் போய்க் குழப்பிவிட்டு வந்திருக்கிறாள். மூன்றாவது முறை ஊர் சிரிக்கும். "இஞ்ச எண்டா நான் பக்கத்திலேயே இரிப்பன். எல்லாரும் கமெராவுக்குப் பயந்து ஒராள் ஒராளாக் கதைப்பாங்க. அதுதான் சாச்சா வந்த." வாப்பாவின் மானம் போகக் கூடாது, யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். ரமணி அவள் ஸ்காபுக்கு உரசாத வேறு துணி தேடப் போனாள்.

அதன்பிறகு எனக்கு ஹெட்போன் போடுவதே சந்தோஷமாக இருந்தது. வாப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அந்தப் பிள்ளை அவர் பக்கத்தில் இருந்துகொண்டு வாய்க்குள் ஓயாமல் முணுமுணுப்பாள். மாப்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய சப்பாத்து முதல் தலைமயிர் வரை விமர்சனம் நடக்கும். வெளியே தெரிவது குனிந்த தலையும் அடக்கமும். உள்ளே கேட்பது எனக்கு மட்டும்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததை குலேந்திரன் சேர் கெடுத்தார். பெற்றோர் தனியாகக் கதைக்கும் ஒரு சுற்று வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மனம் விட்டுக் கதைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. பிள்ளைகளை, ஒருவரோடொருவர் கதைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தொகுப்பாளினியோடு பொத்துவில் பக்கம் அனுப்பிவிட்டார். வான் வண்டியில் ஏறும்போது நஸ்ரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். காற்று அதிகம் சேர், இன்றைக்குப் பதிவு சரிவராது என்று நான் போய்ச் சொன்னேன். "உதுமான் அவர்களே" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

முதலில் சாய்ந்தமருதுக் குடும்பத்தின் அறை. பரீதா உம்மா மென்மையாகக் கதைப்பவர். அதுவே பாதி ஆபத்து. மனையைப் பற்றிக் கதைக்கலாமா என்று தொடங்கினார். ஹாஜியார் தாடியைத் தடவினார். கடலைப் பார்த்தார். மகள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

வீடு மேல்மாடியோடு இருந்தால் நல்லது. ஓம். கீழேயும் மேலேயும் டைல். ஓம். வயலில் கொஞ்சம் மகன் பேருக்கு எழுதினால் அவனுக்கும் ஒரு பிடிப்பாக இருக்கும். ஓம். மருமகள் வேலைக்குப் போகத்தான் வேண்டுமா, விட்டுவிடலாமே. ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் பரீதா உம்மாவின் குரலில் இருந்த நிச்சயம் குறைந்துகொண்டு போனது. பேரம் பேசி இறங்குவதற்காகத்தான் மேலே ஏறிக் கேட்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் இறங்கவே விடவில்லை. அவருடைய கணவர் முழங்கையால் இடித்தார். அவர் இன்னும் யோசித்து, மாடியில் பூச்சாடி வைக்க ஒரு இடமும் வேண்டும் என்றார். "ஓம்" என்று ஹாஜியார் அன்போடு சிரித்தார். பரீதா உம்மாவுக்குக் கேட்க வேறொன்றும் கிடைக்கவில்லை. போனுக்குப் போன் ஓடும் துண்டு இதுதான். நானும் அன்று சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகுதான், திரும்பிப் பார்த்துக்கொண்டு போன நஸ்ரின் நினைவுக்கு வந்தாள்.

அடுத்த அறையில் முகைதீன்பாவா. அவர் வாழ்நாள் முழுவதும் தறிச் சத்தத்துக்கு மேலால் கதைத்தவர். வாய் திறந்ததும் என் கருவியில் முள் சிவப்புக்குப் பாய்ந்தது. "ஹாஜியார், மில்லு ஓட்டின நீங்கதானே" என்று அவர் கேட்டது கடற்கரை வரை கேட்டிருக்கும். ஹாஜியாரின் முகம் விரிந்தது. ஓம் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. மில்லின் பெல்ட் அறுவதைப் பற்றி, தவிட்டைப் பற்றி, நாட்டு நெல் குத்துவது ஏன் கஷ்டம் என்பதைப் பற்றி வாக்கியம் வாக்கியமாகச் சொன்னார். மற்றவர் தறியைப் பற்றிச் சொன்னார். இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கலியாணம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. தன் அமைதியான பெரியவர் இப்படிக் கைநழுவிப் போவதைக் குலேந்திரன் சேர் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் திரும்பிவந்த நஸ்ரின் நடந்ததை ரமணியிடம் கேட்டாள். ரமணி பூச்சாடி வரைக்கும் சொன்னாள். அந்தப் பிள்ளை அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "அப்ப வேலையையும் விட வெச்சிட்டார்" என்றாளாம். முடிவுப் பதிவு வரை மகளும் தகப்பனும் சந்திக்கக் கூடாது என்பது சேர் அன்றைக்குப் போட்ட விதி. பரீதா உம்மாவின் அறையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போன் பறந்துகொண்டிருந்தது. ஹாஜியார் முற்றத்தில் உலாவினார். அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அம்மா நல்ல மனிசி, காற்றைப் பற்றி நிறையக் கேட்டா என்று என்னிடம் சொன்னார்.

அவர் சொன்ன ஓம் கமெராவில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் தகப்பனின் மானம் போகும். சொல்லாவிட்டால் மகளின் வாழ்க்கை போகும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். ரமணியும் நானும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தோம். தொகுப்பாளினியின் காதுக்குள் வைக்கும் சின்ன இயர்போன்கள் எங்களிடம் இருந்தன. தயாரிப்பாளர் சொல்வது அவளுக்குக் கேட்பதற்காக. அதில் ஒன்றை ஹாஜியாருக்கு வைத்து, எல்லா மைக்கையும் அதற்குள் விட்டால் எப்படி? அவருடைய கருவி கூவியது, இது கூவாது. கதைப்பவரின் வாயடியிலேயே மைக் இருக்கிறது. ஆனால் அவர் போட வேண்டுமே என்றேன். "மூண்டு வாப்பாக்கும் போடுவம் காக்கா. நிகழ்ச்சிச் சட்டம் எண்டு சொல்லுவம்" என்றாள் ரமணி.

அப்படியே செய்தோம். சாய்ந்தமருதுத் தகப்பன் இயர்போன் இருக்கும் காதைக் கமெராப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். முகைதீன்பாவா இது ஷொக் அடிக்குமா என்று ஊருக்கே கேட்கும்படி விசாரித்தார். ஹாஜியார் மற்ற இருவரையும் பார்த்துவிட்டுத் தானும் காதைக் கொடுத்தார். இது என்ன என்று குலேந்திரன் சேர் மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டார். காற்று சேர், வாப்பாமாருக்குத் தொகுப்பாளினி கதைப்பது கேட்கவில்லை என்றேன். மூவரில் ஒருவரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

நஸ்ரினைக் கூட்டிவந்து தகப்பன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் ஹாஜியாரின் ஒலியை மெதுவாகத் திறந்தேன். ஒரே அடியாகத் திறந்தால் பயந்துவிடுவார். அவர் கை தாடிக்குப் போகும் வழியில் நின்றது. தென்னையில் ஒரு காகம் கரைந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்தார். அலை உடைந்தது, திரும்பிக் கடலைப் பார்த்தார். இந்த முறை யோசிப்பவர் போல அல்ல, யாரோ கூப்பிட்டது போல.

நஸ்ரின் குனிந்த தலையோடு வழக்கம்போல முணுமுணுத்தாள். "வாப்பா, அல்லாஹ்வுக்காக இண்டைக்கு மட்டும் ஓம் எண்டு சொல்லிராதீங்க. சொன்னா நான் இந்தக் கடல்ல இறங்கிருவன்."

"என்னத்துக்குப் புள்ள கடல்ல இறங்குற?" என்றார் ஹாஜியார். "உனக்கு நீந்தத் தெரியாதே."

நஸ்ரினின் மைக்கில் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. தொகுப்பாளினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிகழ்ச்சி முறைப்படி முந்தைய நாள் காட்சிகளைத் திரையில் ஓட விட்டாள். பரீதா உம்மாவின் மென்மையான குரல் ஹாஜியாரின் காதுக்குள் நேராகப் போனது. மேல்மாடி. ஓம். டைல். ஓம். வயல். அவர் முன்னுக்குச் சாய்ந்து திரையைப் பார்த்தார். மருமகள் வேலையை விடுவதற்கு ஓம் என்ற இடத்தில் மகளைத் திரும்பிப் பார்த்தார். பூச்சாடி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு எழும்பி நின்றார். பதிவை நிறுத்துவதா என்று கமெராக்காரர்கள் குலேந்திரன் சேரைப் பார்த்தார்கள். அந்த மனிதர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டார். "ஒருத்தரும் நிப்பாட்டாதீங்கோ" என்றார். அதுவும் பதிவில் இருக்கிறது.

"எனக்குக் காது கேக்கிறல்ல" என்றார் ஹாஜியார். கையால் காதைத் தொட்டுக் காட்டினார். "மில்லுல போன காது. ஆக்கள்தான் வாய்க்குள்ள கதைக்காங்க எண்டு சொல்லிட்டுத் திரிஞ்ச நான். நேத்து அந்த ஊட்டுல சொன்ன ஓம் ஒண்டும் கேட்டுச் சொன்ன ஓம் இல்ல. தங்கச்சி, நீங்க காத்து நல்லா வருதா எண்டு கேக்கிற எண்டுதான் நான் நினைச்ச. என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க."

பரீதா உம்மா சண்டைக்கு வருவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கதிரையில் சாய்ந்து நெஞ்சில் கை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். இரவு முழுக்கத் தனக்குத் தூக்கமில்லை என்றார். கேட்டதுக்கெல்லாம் ஒரு தகப்பன் ஓம் சொன்னால் பிள்ளையில் ஏதோ பெரிய குறை இருக்க வேண்டும், அது என்ன குறை என்று யோசித்து யோசித்துத் தலை வெடித்துவிட்டதாம். இன்றைக்குத் தானே வேண்டாம் என்று சொல்ல எழும்பவிருந்தாராம். அவர் கணவர் இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் அதற்குள் எதையும் விடவில்லை.

ஹாஜியார் மகள் பக்கம் திரும்பினார். "இப்ப நீ சொல்லு. எனக்குக் கேக்குது."

நஸ்ரினின் வலது கை பழக்கத்தில் ஸ்காபுக்குப் போனது. பாதி வழியில் இறக்கிவிட்டாள். "ரெண்டு பேரும் நல்லவங்க வாப்பா. எனக்கு ரெண்டு பேரும் வேணா" என்றாள். சத்தம் கூட்டவில்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லும் அளவுக்குத்தான் சொன்னாள்.

"பாப்பம்" என்று சொல்லாமல், "சரி" என்றார் ஹாஜியார்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஊரில் யாரும் ஹாஜியாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் வாப்பாவுக்கும் இப்படித்தான் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். குலேந்திரன் சேர் அடுத்த வாரமே பழைய மரியாதைக்குத் திரும்பிவிட்டார். முகைதீன்பாவா ஹாஜியாருக்குச் சாரன் நெய்து அனுப்பினார் என்றும், இருவரும் கண்டால் சந்தி அதிரும் என்றும் கேள்விப்பட்டேன். நஸ்ரின் பிறகு அட்டாளைச்சேனையில் ஒருவரைக் கலியாணம் முடித்தாள். வேலையை விடவில்லை. அதில் எங்களுக்குப் பங்கு ஒன்றுமில்லை.

எனக்கு நினைவில் நிற்பது ஒளிபரப்பாகாத ஒன்று. பதிவு முடிந்த அன்று பின்னேரம் அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே கல்முனைக்குப் போகலாம் என்று நானும் அதே வானில் ஏறினேன். ஹாஜியார் இயர்போனைக் கழற்ற மறுத்தார். சரி, நஸ்ரினின் மைக்கும் கிடக்கட்டும் என்று பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். கோமாரி தாண்டும்போது அவர் மகளிடம் ஏதாவது கதை என்றார். அவளுக்கு முதலில் வெட்கம். பிறகு தொடங்கினாள். கந்தோரைப் பற்றி, கூட வேலை செய்பவர்களைப் பற்றி, சாய்ந்தமருதுப் பையனின் சப்பாத்தைப் பற்றி. ஹாஜியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். திருக்கோவிலும் போயிற்று. அக்கரைப்பற்றுக்குக் கிட்டப் போகும்போது, அவளிடம் இல்லாமல் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"உம்மாட சத்தம் இது."

நஸ்ரின் நிறுத்திவிட்டாள். அவருடைய காது நன்றாக இருந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பாள். தாயினுடையதைப் போல வளர்ந்த குரலை அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். ஹெட்போனை நான் கழற்றிவிட்டேன். சாரதி மட்டும் ஒன்றும் அறியாமல் ஹோர்ன் அடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ஹாஜியார் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஏன் புள்ள நிப்பாட்டின?" என்றார். "கதை."